“பச்ச இருக்கு”: ‘சீக்ரெட் கார்டன்’ நாவலைக் கடலூர் மேடைக்குக் கொண்டுவருவது

கடலூரில் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டது: ஃபிரான்செஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் ‘தி சீக்ரெட் கார்டன்’ நாவலை ஆண்டு விழாவில் தமிழ் நாடகமாகப் போட ஆசை. 45 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், 40 பிள்ளைகள் இருக்கிறார்கள். 27 அத்தியாயத்தை எப்படிச் சுருக்குவது? கதை இங்கிலாந்திலேயே நடக்கட்டுமா, நம் ஊருக்கு மாற்றலாமா? தோட்டம் துளிர்ப்பதை மேடையில் எப்படிக் காட்டுவது? யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

டீச்சர், அனுமதி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பர்னெட் இறந்தது 1924ல். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு முடிந்தால் படைப்பு எல்லோருக்கும் பொது. 1911ல் புத்தகமாக வந்த இந்த நாவலை நீங்கள் யாரையும் கேட்காமல் நாடகமாக்கலாம். ஆனால் யாராவது செய்த தமிழ் மொழிபெயர்ப்பு கையில் இருந்தால் அதிலிருந்து வசனத்தை அப்படியே எடுக்காதீர்கள். கதை பொதுவானாலும் அந்தத் தமிழ் அவருடையது. 1991ல் பிராட்வேயில் இதே கதை இசை நாடகமாக வந்தது. அதன் பாட்டுகளும் வேண்டாம், அவற்றுக்கு உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள்.

பர்னெட் இந்த விஷயத்தில் அடிபட்டவர். அவருடைய ‘லிட்டில் லார்ட் ஃபான்ட்லராய்’ நாவலை லண்டனில் ஒருவர் கேட்காமலே நாடகமாக்கிவிட்டார். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் நாவலை நாடகமாக்குவதைத் தடுக்க நேர்வழி இல்லை. ஆனால் நாடகப் பிரதிகளில் நாவலின் வசனங்களை ஏராளமாக நகலெடுத்திருந்தார்கள், அது உரிமை மீறல் என்று 1888ல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு பர்னெட் தானே அந்த நாவலுக்கு ஒரு நாடகம் எழுதி மேடையேற்றினார். நாவல் வேறு, நாடகம் வேறு என்று அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டவர் எழுதிய கதை உங்கள் கையில் இருக்கிறது.

படிக்காதவர்களுக்காகக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மேரி லெனாக்ஸ் இந்தியாவில் ஆயாக்கள் கையில் வளர்ந்த வெள்ளைக்காரக் குழந்தை. சிடுமூஞ்சி, யாருக்கும் பிடிக்காத பெண். காலராவில் அப்பா அம்மா இருவரும் போய்விட, இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் நூறு அறை கொண்ட மாளிகையில் இருக்கும் கிரேவன் என்ற உறவினரிடம் அனுப்பப்படுகிறாள். அங்கே பத்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு தோட்டம். அவருடைய மனைவி அந்தத் தோட்டத்தில் கிளை முறிந்து விழுந்து இறந்ததால் பூட்டிச் சாவியைப் புதைத்துவிட்டார். ராத்திரியில் வீட்டுக்குள் எங்கிருந்தோ ஒரு அழுகை கேட்கிறது. அது அவருடைய மகன் காலின். தனக்குக் கூன் விழப்போகிறது, சீக்கிரம் செத்துவிடுவோம் என்று நம்பிக்கொண்டு படுக்கையிலேயே கிடக்கும் பையன். மேரி சாவியைக் கண்டெடுக்கிறாள். வேலைக்காரப் பெண் மார்த்தாவின் தம்பி டிக்கன் உதவ, மூன்று பிள்ளைகளும் அந்தத் தோட்டத்தை உயிர்ப்பிக்கிறார்கள். காலின் எழுந்து நடக்கிறான். அப்பா திரும்பி வருகிறார்.

இதை எப்படிச் சுருக்குவது என்று கேட்கிறீர்கள். சுருக்காதீர்கள். பல வருஷம் முன்பு புதுச்சேரியில் ஒரு பள்ளிக்காக நான் இதே நாவலைச் சுருக்கித்தான் எழுதினேன். ஒவ்வொரு அத்தியாயத்திலிருந்தும் ஒரு துண்டு, துண்டுகளுக்கு நடுவில் கதைசொல்லிப் பையன் ஒருவன், இங்கிலாந்து கவுன், தொப்பி எல்லாம் இருந்தது. கதையில் எதுவும் விட்டுப்போகவில்லை. ஆனால் மேடையில் பிள்ளைகள் வருவதும் ஒரு தகவலைச் சொல்வதும் போவதுமாக இருந்தார்கள். மிஸல்த்வெயிட் என்ற மாளிகைப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் மேரியாக நடித்த பெண் ஒரு நொடி நின்று வாயைச் சரிசெய்துகொள்வாள். அந்த நொடியில் அவள் மேரியாக இல்லை, பரீட்சை எழுதும் பெண்ணாக இருந்தாள். நல்ல நடிகை அவள். அவளுக்கு நான் செய்த அநியாயம் அது என்று இன்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நாவலை ஒரே கேள்வியோடு மறுபடி படித்தேன். இந்தக் கதையில் கைகள் என்ன செய்கின்றன? நாவல் மனசுக்குள் போய்ப் பேசும், பருவம் மாறுவதை மூன்று பக்கம் வர்ணிக்கும். மேடையில் அதெல்லாம் முடியாது. மேடையில் ஒரு பிள்ளை ஏதாவது செய்ய வேண்டும், அதைச் செய்ததால் ஏதாவது மாற வேண்டும். அப்படிப் பார்த்தபோது பதினோராம் அத்தியாயத்தில் அந்த இடம் கிடைத்தது. டிக்கன் முதல்முறையாகத் தோட்டத்துக்குள் வருகிறான். எல்லாம் பட்டுப்போய்விட்டதா என்று மேரி பயந்துகொண்டே கேட்கிறாள். அவன் கத்தியால் ஒரு கிளையைச் சீவி, உள்ளே பச்சையாக இருப்பதைக் காட்டுகிறான். ‘விக்’ என்று ஒரு யார்க்‌ஷயர்ச் சொல் சொல்கிறான். உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

நம் பக்கம் கொல்லைக்காரர்கள் என்ன செய்வார்கள்? காய்ந்த மாதிரி நிற்கும் கன்றைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, “பச்ச இருக்கு” என்பார்கள்.

என்னைக் கேட்டால் நாடகம் முழுவதும் இந்தக் கீறலில் இருக்கிறது. மேரி காய்ந்த கட்டை, காலின் காய்ந்த கட்டை, அவன் அப்பா எல்லோரையும்விடக் காய்ந்தவர். ஒவ்வொருவரையும் யாரோ ஒருவர் கீறிப் பார்க்கிறார், உள்ளே பச்சை இருக்கிறது. இதற்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற காட்சி இருக்கட்டும், சேர்க்காதது போகட்டும். டாக்டர் போகட்டும், நூறு அறையைச் சுற்றிப் பார்ப்பது போகட்டும், அப்பாவின் ஐரோப்பியப் பயணம் போகட்டும். காலின் மந்திரசக்தி பற்றி ஆற்றும் பிரசங்கங்கள் புத்தகத்திலேயே எனக்கு நீளம்தான், அவையும் போகட்டும். ஆனால் ஸ்கிப்பிங் கயிற்றை விட்டுவிடாதீர்கள். மார்த்தாவின் அம்மா தன்னிடம் இருக்கிற கொஞ்சக் காசில் மேரிக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கி அனுப்புகிறாள் அல்லவா, மேடைக்கு அது பெரிய வரம். முதலில் மூன்று தடவை குதித்ததும் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறாள். அடுத்த முறை வரும்போது பின்னால் இருக்கும் பிள்ளைகள் எண்ணுகிறார்கள், இருபது. அதற்கடுத்து ஐம்பது. நாள் போனதையும் உடம்பு தேறியதையும் ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் காட்டிவிடலாம்.

அடுத்தது ஊர். நம் ஊருக்கு மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதெல்லாம் அங்கேயே இருந்தால் அது நாற்றைப் பிடுங்கித் தார்ரோட்டில் வைத்த மாதிரி. கதையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களுக்கு நம் மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தோட்டம் ஏன் பூட்டிக் கிடக்கிறது? உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. உங்கள் மேடைக்கு முன்னால் உட்காரப்போகும் அப்பா அம்மாக்கள் அத்தனை பேருக்கும் அந்த விடியல் ஞாபகம் இருக்கும். மேடையில் நிற்கும் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. ஆக, அந்த வீட்டு அம்மா ஆசையாக வளர்த்த பலாமரம் புயலில் பாதி பிளந்து தொங்குகிறது. காலையில் அதைப் பார்க்கப் போகிறாள். தொங்கின கிளை விழுகிறது. தொட்டிலில் கைக்குழந்தை. வீட்டுக்காரர் கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியைப் புதைத்துவிட்டு பிரான்சுக்குப் போய்விடுகிறார். புதுச்சேரியில் இது யாருக்கும் விசித்திரமாகப் படாது, அப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. பூட்டிய பத்தாவது வருஷத்தில் மேரி வருகிறாள். கணக்குப் போட்டால் 2021 வருகிறது.

2021 என்றதும் உங்களுக்கே தோன்றியிருக்கும். காலராவின் இடத்தில் கொரோனா. பொருத்தம்தான், ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் வகுப்பிலேயே அந்த வருஷம் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளை இருக்கலாம். முதலில் அதை விசாரியுங்கள். இருந்தால் அந்தப் பிள்ளையிடமும் வீட்டாரிடமும் தனியாகப் பேசுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் வியாதியின் பெயரே சொல்ல வேண்டாம். 1993ல் வந்த ஆங்கிலத் திரைப்படத்தில் காலராவை எடுத்துவிட்டுப் பூகம்பம் வைத்தார்கள். கதைக்குத் தேவை ஒரு குழந்தை திடீரென்று தனியாவதுதான். நாவலின் தொடக்கத்தில் வரும் படம் மட்டும் போதும்: வீட்டில் சத்தமே இல்லை, மேஜையில் பாதி சாப்பிட்ட தட்டுகள், அவசரமாகத் தள்ளிவிட்ட நாற்காலிகள், குழந்தை மட்டும் நின்றுகொண்டு பிஸ்கட்டைக் கடிக்கிறது. ஏன் யாருமே வரவில்லை என்று கேட்கிறது. உங்கள் நாடகம் இப்படித் தொடங்கட்டும். சாவைக் காட்டாதீர்கள், அழவிடாதீர்கள். அந்தப் பிஸ்கட் கடிக்கிற சத்தம் போதும்.

பெயர்களில் ஒரு சௌகரியம் இருக்கிறது. மேரியும் மார்த்தாவும் நம் ஊர்ப் பெயர்களேதான், தொடவே வேண்டாம். டிக்கன் அந்தோணி ஆகட்டும். காலினுக்கு ஆரோக்கியம் என்று வைத்துப் பாருங்கள். வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டு வைத்த பெயர். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு படுக்கையில் கிடக்கிறான் என்பதே அவனுடைய கோபத்துக்கு ஒரு காரணம் கொடுத்துவிடுகிறது.

ஆனால் உறவுமுறையில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் அதில் விழுந்திருக்கிறேன். நாவலில் இறந்துபோன அந்த அம்மா மேரியின் அப்பாவுக்கு உடன்பிறந்தவள். நம் கணக்கில் அவள் மேரிக்கு அத்தை. அப்படியானால் ஆரோக்கியம் யார்? அத்தை மகன். மேடையில் “அத்தை மகன்” என்ற சொல் விழுந்ததும் கூட்டத்தில் ஒரு சத்தம் கிளம்பும், பின்வரிசையிலிருந்து விசில் வரும். இரண்டு குழந்தைகளுக்கு நடுவில் இருக்கிற சண்டையும் சிநேகிதமும் அந்த நிமிஷமே வேறாகிவிடும். பேசாமல் இறந்தவளை மேரியின் அம்மாவுக்கு அக்கா ஆக்கிவிடுங்கள். பெரியம்மா, பெரியப்பா, அவர்கள் மகன். சின்ன மாற்றம்தான், ஆனால் பிள்ளைகளைக் காப்பாற்றிவிடும்.

இதே உறவுச் சொற்கள் ஒரு பெரிய வேலையும் செய்து கொடுக்கும். மூலத்தில் மேரி இந்தியாவில் ஆயாவை அடிப்பவள். வேலைக்காரர்களை மனிதர்களாகவே எண்ணாதவள். மார்த்தா இந்தியாவைப் பற்றி அறியாமையோடு பேசுகிற பேச்சும் அதில் உண்டு, அதை நம் பிள்ளைகள் வாயில் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் மேரியின் திமிர் கதைக்கு வேண்டும். அதைத் தமிழில் காட்டுவதற்கு ஒரு சொல் போதும். முதல் காட்சியில் தன்னைவிட மூத்த மார்த்தாவை “ஏய், நீ” என்கிறாள். தோட்டக்காரத் தாத்தாவையும் “நீ” என்கிறாள். அவர்கள் யாரும் திருத்துவதில்லை. நாடகம் பாதி போனபிறகு ஒருநாள் ஸ்கிப்பிங் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, உங்க அம்மாகிட்ட நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க” என்கிறாள். எந்த இடத்தில் “நீ” போய் “அக்கா” வந்தது என்று பார்ப்பவர்கள் கவனிப்பார்கள். ஆங்கிலத்தில் பர்னெட்டுக்கு இந்த வசதி இவ்வளவு இல்லை. அவர் வேறு வழி பிடித்தார், மேரியை யார்க்‌ஷயர்ப் பேச்சு கற்றுக்கொள்ள வைத்தார். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை அடுக்குமாடியிலிருந்து வந்த பெண் கடைசிக் காட்சியில் “வூடு”, “கொல்ல” என்று பேசட்டும்.

இங்கே ஒரு வேண்டுகோள். ஊர்ப்பேச்சைச் சிரிப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். நம் மேடைகளில் கிராமத்துப் பேச்சு வந்தாலே காமெடி என்று ஒரு பழக்கம் ஆகிவிட்டது. அந்தோணி பேசும்போது சிரிப்பு வந்தால் நாடகம் தோற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மேடையில் எல்லோரையும்விட விஷயம் தெரிந்தவன் அவன்தான். மார்த்தாவின் முதல் காட்சியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

மேரி: ஷூவை மாட்டி விடு.
மார்த்தா: எதுக்கு? கையில ஏதாச்சும் அடி பட்டிருக்கா?
மேரி: எங்க வீட்டுல ஆயாதான் மாட்டி விடுவா.
மார்த்தா: பத்து வயசாவுதே கண்ணு. எங்க வூட்டுல நாலு வயசுப் புள்ள ஆட்டுக்குக் கயிறு கட்டும்.

மார்த்தா இதைக் கிண்டலாகச் சொல்லக் கூடாது, நிஜமான ஆச்சரியத்தோடு சொல்ல வேண்டும். அப்போதுதான் மேரிக்கு உறைக்கும்.

இப்போது தோட்டம். யார்க்‌ஷயரில் பனிக்காலம் போய் வசந்தம் வரும், அதுதான் அந்த நாவலின் ஓட்டம். கடலூரில் வசந்தம் என்ற ஒன்றை யாரும் காத்திருந்து பார்ப்பதில்லை. நாம் காத்திருப்பது மழைக்கு. ஆடி வெயிலில் மேரி வருகிறாள், மண் வெடித்துக் கிடக்கிறது. ஐப்பசியில் மழை பிடிக்கிறது. மழைக்காலம் தாண்டித் தை மாசியில் முந்திரி பூக்கிறது. உங்கள் ஆண்டு விழாவும் அந்தச் சமயத்தில்தான் வரும். பிள்ளைகள் நாடகத்தில் சொல்வதும் வெளியே கொல்லையில் நடப்பதும் ஒன்றாகவே இருக்கும்.

தெர்மகோல் மரமும் ஃபிளெக்ஸில் அச்சடித்த பூந்தோட்டமும் தயவுசெய்து வேண்டாம். முதல் நிமிஷமே பூந்தோட்டம் கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் துளிர்ப்பதற்கு என்ன இருக்கிறது? உங்கள் மாவட்டத்துத் தெருக்கூத்தில் இதற்குத் தீர்வு இருக்கிறது. இரண்டு பேர் ஒரு திரையைக் கையில் பிடித்து நிற்பார்கள். வேஷக்காரர் அதன் பின்னால் வந்து நின்று பாடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைக் காட்டுவார். அந்தத் திரைதான் உங்கள் நாடகத்துக்கு முழுச் செட்டும். மண் நிறத்தில் பழைய புடவை ஒன்றை இரண்டு பிள்ளைகள் பிடித்தால் அது கொல்லைச் சுவர். நாவலில் காற்று அடித்துக் கொடியை விலக்க, கதவு தெரிகிறது. இங்கே அந்தப் பிள்ளைகள் புடவையை ஒருமுறை அலைபோல் தூக்கினால் காற்று. அதன் பின்னால் நிற்கும் ஒரு பையனின் நீட்டிய கைகள்தான் கதவு. ராத்திரி அழுகை வரும்போது அதே புடவை படுக்கையறைச் சுவர். முதலில் சத்தம், அப்புறம் திரைக்கு மேலே ஒரு கை, அப்புறம்தான் ஆரோக்கியத்தின் முகம். கூத்தில் ராஜா வருவதுபோல அந்த நோயாளிப் பையன் வர வேண்டும். அவன் அந்த வீட்டு ராஜாதான், எல்லோரையும் ஆட்டிப் படைக்கிறவன்.

கதைசொல்லியின் வேலையைக் கட்டியக்காரனிடம், அதாவது கூத்தை நடத்திக்கொண்டு போகும் கோமாளியிடம் கொடுத்துவிடுங்கள். வெறும் கதைசொல்லி கூட்டத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பான். கட்டியக்காரன் பாத்திரங்களோடும் பேசுவான், மேரியிடமே “ஏம்மா, நீ ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்று கேட்பான். பர்னெட் மேரியைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொன்னதை அவள் வாயாலேயே வரவழைக்கலாம். இரண்டு பேராகப் போடுங்கள், ஒருவருக்கு மறந்தால் இன்னொருவர் எடுத்துக்கொள்வார்.

சாவியைக் காட்டும் பறவை மூலத்தில் ராபின் என்ற செம்மார்புக் குருவி. அது நம் ஊரில் இல்லை. தவிட்டுக்குருவியைப் போடுங்கள் என்பேன். அது தனியாக வராது, ஏழெட்டாகக் கூட்டமாக வரும், தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் புரட்டித் தேடும், கத்திக்கொண்டே இருக்கும். ஏழு சின்னப் பிள்ளைகளுக்கு வேஷம் கிடைத்தாயிற்று. ஐந்தாம் வகுப்பிலிருந்து எடுங்கள். இறகு வைத்த உடையெல்லாம் வேண்டாம், சாம்பல் நிறத் துண்டு ஒன்று தோளில் போதும். சருகைப் புரட்டும்போது மண்ணுக்குள் ஏதோ மின்னுகிறது. ஏழும் ஒரே நொடியில் அமைதியாகிவிடுகின்றன. இத்தனை நேரம் கத்திய கூட்டம் அடங்கியதும் அரங்கில் இருப்பவர்களும் மேரியோடு சேர்ந்து குனிவார்கள்.

மழைக்கு ஸ்பீக்கரில் சத்தம் போட வேண்டாம். கட்டியக்காரன் கூட்டத்தைப் பார்த்து, ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டச் சொல்லட்டும். பிறகு இரண்டு விரல், மூன்று, நான்கு, முழுக் கை. ஐந்நூறு பேர் செய்தால் மைதானத்தில் நிஜமாகவே மழை பிடித்த சத்தம் வரும். அது மறுபடி ஒரு விரலுக்குக் குறைந்து நிற்கும்போது, பத்துப் பதினைந்து பிள்ளைகள் பட்ட மரமாகக் கைமுட்டியை மூடி நிற்கிறார்கள். முட்டிக்குள் பச்சைத் துணி மடித்திருக்கிறது. அவசரப்படாமல் ஒவ்வொருவராகக் கையை விரிக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு கும்மி:

பட்ட மரமின்னு சொன்னாங்க – அதில்
பச்சைத் துளிரொண்ணு கண்டேங்க
கிட்டக் குனிஞ்சு நான் கீறிப் பார்த்தேன் – அது
கிச்சுக் கிச்சுன்னு சிரிச்சதுங்க

இதை நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளைகளின் பாட்டிகளிடம் கேட்டு நடவுப் பாட்டோ கும்மிப் பாட்டோ கிடைத்தால் அதையே போடுங்கள், என் பாட்டைவிட அது பல மடங்கு நன்றாக இருக்கும்.

எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக் கூடாத காட்சி ஒன்று உண்டு. அது சண்டைக் காட்சி, நாவலில் பதினேழாவது அத்தியாயம். முதுகில் கட்டி முளைத்துவிட்டது என்று ஆரோக்கியம் கத்துகிறான், வீடே நடுங்குகிறது. மேரி உள்ளே போய் அவனைவிடச் சத்தமாகக் கத்துகிறாள். முதுகைத் திருப்பச் சொல்லி எலும்பு எலும்பாகப் பார்க்கிறாள். “ஒரு கட்டியும் இல்ல” என்கிறாள். அவனைப் பாவம் பார்க்காத முதல் ஆள் அவள். மரப்பட்டையைக் கீறிய அதே கட்டைவிரல்தான் இங்கே அவன் முதுகெலும்பைத் தொட்டுக்கொண்டு இறங்குகிறது, அதைப் பார்ப்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். பள்ளி நாடகங்களில் பிள்ளைகளைக் கோபப்பட விடுவதில்லை. எல்லோரும் நல்ல பிள்ளைகளாகவே வந்து போவார்கள். இங்கே விடுங்கள். நிஜமாகக் கத்தட்டும்.

அவன் எழுந்து நடக்கிற காட்சியில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். கதைப்படி அவனுக்கு நோய் இல்லை, பயமும் படுக்கையும்தான் காலைப் பலமிழக்க வைத்தன. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மனசு வைத்தால் யார் வேண்டுமானாலும் எழுந்து நடக்கலாம் என்ற பொருள் வந்துவிடக் கூடாது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ஒன்று கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் பள்ளியிலேயே அப்படி ஒரு பிள்ளை இருந்து, நடிக்க ஆசைப்பட்டால், கட்டியக்காரன் வேஷத்தைக் கொடுங்கள். நாடகத்தையே நடத்திக்கொண்டு போகிற ஆள் அது.

பர்னெட்டிடம் எனக்கு ஒரு தீராத மனத்தாங்கல் உண்டு. நாவலின் கடைசிப் பகுதியில் மேரி காணாமல் போய்விடுகிறாள். எல்லாவற்றையும் தொடங்கியவள் அவள், சாவியைக் கண்டவள் அவள். கடைசியில் பையனும் அப்பாவும் நடந்து வருகிறார்கள், புத்தகம் அவன் பெயரோடு முடிகிறது. இதை நீங்கள் சரிசெய்யலாம். பெரியப்பா கொல்லை வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே வரக் கால் எழவில்லை. மேரி அவர் கையைப் பிடித்துப் பிளந்துபோன அந்தப் பலாமரத்திடம் கூட்டிக்கொண்டு போய், அவர் கட்டைவிரலை எடுத்துப் பட்டையில் வைக்கிறாள். அவர் கீறுகிறார். “பச்ச இருக்கு, பெரியப்பா.” இதைவிட அதிகமாக ஒன்றும் பேச வேண்டாம்.

ரெக்கார்டிங் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. வசனத்தை முன்கூட்டியே பதிவு செய்து ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் பிள்ளைகளை வாயசைக்க வைப்பது இப்போது பல பள்ளிகளில் நடக்கிறது. மைதானத்தில் மைக் சரியாக எடுக்காது, பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று காரணம் சொல்வார்கள். அப்படிச் செய்தால் பிள்ளை நடிப்பதில்லை, ஒலிநாடாவைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. யாராவது சிரித்தால் நிற்க முடியாது, துண்டு விழுந்தால் எடுக்க முடியாது. பேசும் இடங்களில் தரையில் நாலு மைக் வையுங்கள். மேடையை ஷாமியானாவின் அகலப் பக்கத்தில் வைத்து, பார்ப்பவர்களை அதன் மூன்று புறமும் உட்கார வைத்தால் கடைசி வரிசையும் பக்கத்தில் வந்துவிடும். வசனம் குறைவாக, வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். என் அனுபவத்தில் 45 நிமிட நாடகத்துக்குத் தட்டச்சுப் பக்கம் 20க்கு மேல் போகக் கூடாது.

பிள்ளைகளுக்கு இவ்வளவு தாங்காது என்று யாராவது சொன்னால், புதுச்சேரி கருவடிக்குப்பத்துக்கு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி அங்கே இருக்கிறது. 1918ல் மதுரையில் சிறுவர்களை மட்டுமே வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர் அவர். பிற்பாடு நாடக உலகில் பெரிய பெயர் வாங்கிய டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். ராத்திரி முழுக்க நடக்கும் நாடகங்களைப் பாட்டும் வசனமுமாக அந்தப் பையன்கள் தாங்கினார்கள். அன்றைய கம்பெனிகளின் அடியும் கட்டுப்பாடும் நமக்கு வேண்டாம். பிள்ளைகள்மேல் அவர் வைத்த நம்பிக்கை மட்டும் வேண்டும். 1922ல் அவர் இறந்தது புதுச்சேரியில். இங்கே பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒத்திகைக்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு வாரம் வசனமே கொடுக்காதீர்கள். காட்சியைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைத் தங்கள் வார்த்தையில் பேசவிடுங்கள், நீங்கள் ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். மேரிக்கும் ஆரோக்கியத்துக்கும் நடக்கும் சண்டையை நீங்களோ நானோ அவர்களைவிட நன்றாக எழுதிவிட முடியாது. அதற்கும் முன்னால் ஒரு சனிக்கிழமை எல்லோரையும் ஏதாவது முந்திரிக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கொல்லைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு காய்ந்த கிளையை நகத்தால் கீறிப் பார்க்கட்டும். சிலது உள்ளேயும் காய்ந்துதான் இருக்கும், அதையும் பார்க்கட்டும். பச்சை தெரியும்போது அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். மேடையில் உங்களுக்கு வேண்டியது அந்த முகம்தான்.

மூன்றாவது வாரம் தொடங்கும்போது சொல்லுங்கள், புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்தான், வந்து பார்க்கிறேன். என் வீட்டில் பழைய பச்சைப் புடவை நாலு இருக்கிறது, முட்டிக்குள் மடித்து வைக்கிற அளவுக்கு மெல்லிசு. வரும்போது எடுத்து வருகிறேன்.